முகம் எந்தப் பக்கம்? – மூன்று சக்கரத் தள்ளுவண்டி வாங்கும் முன் ஒரு சிந்தனை



எங்கள் பள்ளியில் ஆசிரியை ஒருவருக்கு அண்மையில் தலைப்பிள்ளை பிறந்தது. வழக்கம்போல ஆசிரியர் அறையில் பணம் திரட்டினோம். 22 பேர், ஆளுக்கு 50 ரிங்கிட். மொத்தம் 1,100 ரிங்கிட் சேர்ந்தது. பொன் வாங்கினால் ஒரு மோதிரத்திற்கே போதாத காலமிது. ஆகவே குழந்தைக்குப் பயன்படும் பொருளாக, ஒரு தள்ளுவண்டியை வாங்கித் தரலாம் என்று முடிவாயிற்று. நம் மக்கள் ‘ஸ்ட்ரோலர்’ என்றே சொல்லிப் பழகிவிட்ட பொருள் அது. வாங்கி வரும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். “சார்தான் எதையும் நாலு கடை ஏறி இறங்கி வாங்குவார்” என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

அந்த ஆசிரியையைத் தொலைபேசியில் அழைத்து விருப்பத்தைக் கேட்டேன். சற்றுத் தயங்கியவர், “சார், எனக்கு எதுவென்றாலும் சரிதான். ஆனால் அவருக்கு மூன்று சக்கர வண்டிதான் வேண்டுமாம். மூன்று மாதமாக இணையத்தில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2008ஆம் ஆண்டில் என் துணைவியார் தம் தோழியிடம் என்னைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதே சொற்கள்தாம். அன்று நான் செய்த தவற்றையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதி வைப்பது பிறருக்குப் பயன்படும் என்று கருதுகிறேன். ஒரு வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் என்ன பெரிய சிந்தனை வேண்டிக் கிடக்கிறது என்று சிலர் எண்ணலாம். இறுதிவரை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்று சக்கரம் எங்கிருந்து வந்தது?

குழந்தையை வைத்து உருட்டும் வண்டி மேலை நாட்டில் செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருளாகத் தொடங்கியது. 1733ஆம் ஆண்டில் வில்லியம் கென்ட் என்ற ஆங்கிலேயக் கலைஞர், டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக ஒரு வண்டியைச் செய்தார். சிறிய விலங்கைப் பூட்டி இழுக்கும் வகையில் அமைந்த வண்டி அது. இன்று நாம் காணும் மடிக்கக்கூடிய இலகுவான தள்ளுவண்டியை வடிவமைத்தவர் ஓவன் மெக்லாரன். விமானத்தின் தரையிறங்கு சக்கரப் பகுதியை வடிவமைத்த பொறியாளர் அவர். 1965இல் அலுமினியக் குழாய்களைக்கொண்டு, குடைபோல் மடங்கும் வண்டியை உருவாக்கினார்.

மூன்று சக்கர வண்டியின் கதை வேறு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள யாக்கிமா நகரில் வாழ்ந்த பில் பேக்லர் என்ற செய்தியாளர், தம் குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஓட்டப் பயிற்சி செய்ய விரும்பினார். சாதாரணத் தள்ளுவண்டியின் சிறு சக்கரங்கள் அந்த வேகத்தைத் தாங்கவில்லை. ஆகவே மிதிவண்டிச் சக்கரங்களைப் பொருத்தி மூன்று சக்கர வண்டி ஒன்றை அவரே செய்துகொண்டார். அதுவே பின்னர் வணிகப் பொருளாக உலகெங்கும் பரவியது. ஆக, மூன்று சக்கர வண்டி பிறந்தது ஓடுகின்ற தந்தைக்காக என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

தமிழருக்கு மூன்று சக்கரம் புதிதன்று. நடை பழகும் பிள்ளைக்கு நம் முன்னோர் தந்த மரத்தாலான நடைவண்டிக்கு மூன்று சக்கரங்கள்தாம். அதற்கும் முன்னே, காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், குதிரை இல்லாமல் சிறுவர்கள் உருட்டிச் செல்லும் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. உலர வைத்த தானியத்தைக் கவர வந்த கோழியை விரட்ட மகளிர் காதணியைக் கழற்றி எறிய, அந்தக் காதணி சிறுதேரின் வழியை மறித்துக்கொண்டு கிடந்ததாம். இன்று நம் வண்டிகளின் வழியை மறிப்பவை மோட்டார் சைக்கிள்கள். காலம் மாறிவிட்டது!

அதன் நன்மை என்ன? குறை என்ன?

மூன்று கல் வைத்த அடுப்பு ஆடாது. நான்கு கால் நாற்காலி, தரை சற்று மேடுபள்ளமாக இருந்தால் ஆடும். மூன்று புள்ளிகள் எந்தத் தரையிலும் ஒரே நேரத்தில் படியும். நான்காவது புள்ளிக்கு அந்த உறுதி இல்லை. இதனால்தான் புல்வெளி, மண்பாதை, கரடுமுரடான சாலை ஆகியவற்றில் மூன்று சக்கர வண்டி இடறாமல் செல்கிறது. சக்கரங்கள் பெரியவை, பல வகைகளில் காற்றடைத்தவை. சிறு கல்லில் மோதினாலும் குழந்தைக்கு அதிர்ச்சி குறைவு. ஒற்றைக் கையாலும் திருப்பலாம்.

ஆனால் அதே அமைப்பில் ஒரு குறையும் உண்டு. நான்கு சக்கர வண்டியின் அடித்தளம் ஒரு செவ்வகம். மூன்று சக்கர வண்டியின் அடித்தளம் ஒரு முக்கோணம். முன்புறத்தின் இரு பக்கங்களிலும் தாங்கல் இல்லை. வேகமாகத் திரும்பும்போதோ, ஒரு பின் சக்கரம் மட்டும் நடைபாதை விளிம்பில் ஏறும்போதோ, வண்டி முன்பக்க மூலையாகச் சாய வாய்ப்பு அதிகம். பின் சக்கரங்கள் எவ்வளவு அகன்று இருக்கின்றனவோ அவ்வளவு உறுதி. ஆகவேதான் நல்ல மூன்று சக்கர வண்டிகள் அகலமாகவும் கனமாகவும் செய்யப்படுகின்றன. குடைபோல் மடங்கும் சிறிய வண்டி 5 முதல் 7 கிலோ வரை இருக்கும். மூன்று சக்கர வண்டியோ பெரும்பாலும் 10 கிலோவைத் தாண்டும். காற்றடைத்த சக்கரமென்றால் ஆணி குத்தும், காற்று இறங்கும், பம்பு வேண்டும்.

முன் சக்கரத்தையும் கவனிக்க வேண்டும். சில வண்டிகளில் அது நேராக நிலைத்திருக்கும். ஓடுவதற்கு அது நல்லது, கடைக்குள் திரும்புவதற்குத் தொல்லை. சில வண்டிகளில் அது எப்பக்கமும் சுழலும். கடைக்கு ஏற்றது, ஓடும்போது ஆபத்து. இரண்டும் வேண்டுவோர், சுழலும் சக்கரத்தைப் பூட்டி வைக்கும் வசதி உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

என் கதை

2008இல் எனக்கு முதல் மகள் பிறந்தாள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளியேறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கல்லூரியில் நான் ஓட்டக்காரன். மாலை நேரத்தில் திடலைச் சுற்றி ஓடாவிட்டால் உறக்கம் வராது. குழந்தையை வைத்துக்கொண்டே ஓடலாம் என்ற விளம்பரப் படத்தைப் பார்த்ததும் மனம் அதிலேயே நின்றுவிட்டது. 780 ரிங்கிட் கொடுத்து ஒரு மூன்று சக்கர வண்டியை வாங்கினேன். அன்றைய என் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது.

அப்போது எங்களிடம் இருந்தது ஒரு கஞ்சில் மகிழுந்து. வண்டியை மடித்துப் பின்புறம் வைத்துப் பார்த்தேன், கதவு மூடவில்லை. முன் சக்கரத்தைக் கழற்றினேன், அப்போதும் மூடவில்லை. இறுதியில் பின் இருக்கையில் வண்டி அமர்ந்தது; என் துணைவியார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் அமர்ந்தார். குழந்தையை ஏற்றிச் செல்ல வாங்கிய வண்டிக்கு இருக்கை கிடைத்தது, குழந்தைக்குக் கிடைக்கவில்லை. மடியில் குழந்தையோடு முன் இருக்கையில் அமர்வது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை இன்று எண்ணிப் பார்த்தாலும் உடல் நடுங்குகிறது.

அடுத்தது கடைத்தெரு. நம் ஊர்க் கடை வரிசைகளின் முன்னே உள்ள ஐந்தடி நடைபாதையை அறியாதவர் இல்லை. 1822ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் இடம்பெற்று, பின் மலாயா நகரங்களுக்கும் பரவிய அமைப்பு அது. வெயிலுக்கும் மழைக்கும் அடைக்கலம் தரும் அருமையான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் தம் விருப்பப்படி தரையை உயர்த்தியதால் கடைக்குக் கடை ஒரு படி, இடையில் தூண், தூணருகே மோட்டார் சைக்கிள், அதையடுத்துப் பூக்கடை மேசை. அகன்ற மூன்று சக்கர வண்டியோடு அங்கே சென்றால் பத்தடிக்கு ஒருமுறை சாலையில் இறங்கித்தான் ஏற வேண்டும். இரண்டு முறை சென்றதற்குப் பின் என் துணைவியார் வண்டியைத் தொடவே இல்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே சந்தைக்குப் போனார்.

நான் மட்டும் மாலைதோறும் திடலில் ஓடினேன். மகள் ஆறு மாதத்தைக் கடந்து, கழுத்து நன்றாக நின்ற பிறகுதான் ஓடத் தொடங்கினேன். அந்த ஒன்றில் மட்டும் தாதியின் சொல்லைக் கேட்டேன். அவள் முன்னே பார்த்தபடி அமர்ந்திருப்பாள். நான் வண்டியின் கூரையைப் பார்த்தபடி ஓடுவேன். அரை மணி நேரத்தில் அவள் உறங்கியிருப்பாள். ‘என்ன அமைதியான குழந்தை!’ என்று பெருமைப்பட்டுக்கொள்வேன்.

ஒன்றேகால் வயதில் அவள் அம்மா, அப்பா தவிரத் தெளிவாகச் சொன்ன முதற்சொல் ‘மீன்’. சந்தையில் இடுப்பில் இருந்தபடி கற்ற சொல் அது. “இது கெம்போங், இது நெத்திலி, இது இறால், தொடாதே குத்தும்” என்று தாய் வழிநெடுகப் பேசியிருக்கிறார். குழந்தை அவர் வாயையே பார்த்திருக்கிறது. பல மாதங்கள் நான் தள்ளிய வண்டியில் அவள் கற்ற சொல் எதுவென்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. தமிழ் கற்பிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன் நான்!

வண்டியின்மேல் பழி போடவில்லை. வாயைத் திறக்காதவன் நான்தான். ஆனால் முகம் தெரியாத குழந்தையோடு பேச யாருக்கும் தோன்றுவதில்லை என்பது உண்மை.

முகம் பார்க்கும் இருக்கை

பின்னாளில் இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, என் மனத்தில் பட்டதையே ஆய்வு செய்தவர்களும் இருக்கிறார்கள் என்று அறிந்தேன். ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் சீடிக் என்ற உளவியலாளர் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பிரித்தானியத் தெருக்களில் 2,700க்கும் மேற்பட்ட பெற்றோர்–குழந்தை இணைகளைக் கவனித்துக் குறிப்பெடுத்தார்கள். தள்ளுபவரின் முகத்தைப் பார்த்தபடி குழந்தை அமர்ந்திருக்கும்போது, பெற்றோர் பேசுவது ஏறக்குறைய இருமடங்காக இருந்ததாம். அதோடு, 20 குழந்தைகளை இருவகையாகவும் அமர்த்திச் சோதித்தபோதும் தாய்மார்கள் முகம் பார்க்கும் நிலையில் கூடுதலாகப் பேசினார்கள். குழந்தைகளும் கூடுதலாகச் சிரித்தன.

20 குழந்தைகள் என்பது சிறிய எண்ணிக்கை. முன்னோக்கி அமர்ந்த பிள்ளைகள் பிற்காலத்தில் பேச்சில் பின்தங்குவார்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் முகம் தெரிந்தால் வாய் திறக்கிறது என்பதை நம்ப நமக்குப் பெரிய ஆய்வு தேவையா?

இங்கேதான் நாம், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் தமிழ்ப் பெற்றோரும், மற்றவரைவிடக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தையும் மலாய்மொழியையும் குழந்தை எங்கும் கேட்கும். பேரங்காடியில் கேட்கும், தொலைக்காட்சியில் கேட்கும், கைப்பேசியில் கேட்கும். தமிழைக் கேட்கும் இடம் வீடும் பெற்றோரின் வாயும்தாம். ஒரு நாளில் அரை மணி நேரம் வண்டியில் போகிற குழந்தைக்கு, அந்த அரை மணி நேரமும் தமிழ் வகுப்புத்தான். கட்டணமில்லாத வகுப்பு, பாடநூல் இல்லாத வகுப்பு.

முதலாம் ஆண்டு வகுப்பில் ஆண்டுதோறும் நான் செய்யும் முதற்பணி, படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வது. யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் சொல்லிவிடுகிறார்கள். அவை படப்புத்தகத்தில் இருக்கின்றன. தாழ்ப்பாள், துடைப்பம், வாசற்படி, கொடி என்று கேட்டால் விழிக்கிறார்கள். அன்றாடம் கண்ணில் படும் பொருளுக்கு யாரும் அவர்களுக்குப் பெயர் சொன்னதில்லை. பொருளைக் காட்டிப் பெயர் சொல்லும் பழக்கம் பள்ளியில் தொடங்க வேண்டியதன்று. இடுப்பிலும் தோளிலும் வண்டியிலும் தொடங்க வேண்டியது.

இன்று கடைகளில் தள்ளுவண்டியோடு சேர்த்துக் கைப்பேசி மாட்டும் பிடியும் விற்கிறார்கள். குழந்தையின் முகத்துக்கு நேரே திரை. திரையில் ஆங்கிலப் பாட்டு. பின்னால் தள்ளும் தந்தையின் கையில் இன்னொரு கைப்பேசி. இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள், ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. சென்ற வாரம் ஒரு பேரங்காடியில் இப்படி நான்கு வண்டிகளை எண்ணினேன்.

“குழந்தை உலகத்தைப் பார்க்க வேண்டாமா?” என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நன்றாக உட்காரத் தெரிந்து, கையை நீட்டிக் கேட்கத் தொடங்கிய பிள்ளை முன்னோக்கிப் பார்ப்பதில் தவறில்லை. முதல் ஓராண்டிலோ, குழந்தையின் உலகம் நம் முகம்தான். இருபுறமும் மாற்றிப் பொருத்தக்கூடிய இருக்கை இருந்தால் இரண்டுக்கும் வழியுண்டு. மூன்று சக்கர வண்டிகளிலும் அத்தகையவை உண்டு. ஆனால் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை பெரும்பாலும் முன்னோக்கியே அமைந்திருக்கும்.

பழைய காலத்தைப் போற்றிப் பாடுவதற்காக இதை எழுதவில்லை. என் தாயார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியலில் என்னை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வார். அங்கே ஓர் ஆயாவுக்கு எத்தனையோ பிள்ளைகள். எல்லாரோடும் பேச அவருக்கு நேரமேது? ஆனால் மாலையில் என்னைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு நடக்கும் வழியில் அம்மா பேசிக்கொண்டே வருவாராம். இத்தனைக்கும் களைத்துப்போன உடல். வண்டி வாங்கப் பணமில்லாதவர் செய்ததை, வண்டி வாங்கியவன் செய்யவில்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. முதலில் மகிழுந்தின் பின்பக்க அளவையும், மின்தூக்கிக் கதவின் அகலத்தையும், வீட்டு வாசலின் அகலத்தையும் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கடையில் எல்லா வண்டியும் சிறியதாகத்தான் தெரியும்.

2. வெறும் வண்டியைத் தள்ளிப் பார்க்காதீர்கள். 5 கிலோ அரிசிப் பை ஒன்றை வைத்து, வாரால் கட்டித் தள்ளிப் பாருங்கள். கடைக்குள்ளே அன்று, கடைக்கு வெளியே.

3. தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால் நடுவே ஒன்று என ஐந்து முனை வார் இருக்க வேண்டும். நிறுத்தியை அழுத்தியபின் வண்டி சற்றும் நகரக்கூடாது. ஓட விரும்புவோர், கையில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை உள்ளதையே வாங்க வேண்டும்.

4. மடிக்கும் மூட்டுகளைப் பாருங்கள். 2009ஆம் ஆண்டில், மூட்டில் சிக்கிக் குழந்தைகளின் விரல்நுனி துண்டிக்கப்பட்ட நிகழ்வுகளால் அமெரிக்காவில் ஏறக்குறைய பத்து இலட்சம் தள்ளுவண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. வண்டியை விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை அருகில் இருக்கக்கூடாது.

5. கழற்றி மாட்டும் முன் சக்கரமாயின் ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்க்க வேண்டும். ஓட்டத்தின்போது முன் சக்கரம் கழன்று பெற்றோரும் குழந்தைகளும் காயமுற்றதைத் தொடர்ந்து, 2018இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு தயாரிப்பாளர்மீது வழக்கே தொடுத்தது.

6. பிறந்த குழந்தைக்கு முழுமையாகப் படுக்கும் இருக்கை வேண்டும். கழுத்து நிற்காத குழந்தையைச் சாய்ந்த இருக்கையில் நெடுநேரம் வைப்பது மூச்சுக்குத் தடையாகலாம். குறைந்தது ஆறு மாதம் ஆகும்வரை குழந்தையோடு ஓட வேண்டா. அதன் பின்னும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

7. கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டாதீர்கள். குழந்தையைத் தூக்கிய கணமே வண்டி பின்னால் கவிழும். பையை அடியிலுள்ள கூடையில் வைக்க வேண்டும்.

8. வெயிலுக்கென்று வண்டியைத் துணியால் மூடாதீர்கள். நம் ஊரில் இதை நாள்தோறும் காண்கிறேன். 2014இல் சுவீடன் நாட்டு நாளிதழ் ஒன்று சோதித்துப் பார்த்தது. மூடாத வண்டிக்குள் 22 பாகையாக இருந்த வெப்பம், மெல்லிய துணியால் மூடிய அரை மணி நேரத்தில் 34 பாகையானது. ஒரு மணி நேரத்தில் 37 பாகை. அது சுவீடன். நம் நண்பகல் வெயிலை நீங்களே எண்ணிப் பாருங்கள். காற்று நுழையும் கூரையே போதும். அதைவிட, நண்பகலில் வெளியே போகாதிருப்பதே நலம்.

நாங்கள் வாங்கியது

அந்த ஆசிரியையின் கணவரையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். இளைஞர், பண்பானவர். கடையில் அவர் நேராக மூன்று சக்கர வண்டியிடம் சென்று நின்றார். 1,050 ரிங்கிட். அழகான வண்டிதான். எனக்கே மீண்டும் ஆசை வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

“தம்பி, நீங்கள் ஓடுவீர்களா?” என்று கேட்டேன்.

“இல்லைங்க சார். ஓடலாம் என்று நினைக்கிறேன்” என்றார்.

“வீடு எத்தனையாவது மாடி?”

“நான்காவது மாடி சார். மின்தூக்கி சில நேரம் வேலை செய்யாது.”

நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து மளிகைக் கடையில் 5 கிலோ அரிசிப் பையை வாங்கி வந்தேன். கடை முதலாளி சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அரிசிப் பையை வண்டியில் வைத்துக் கட்டி, ஐந்தடி நடைபாதையில் கோடிக் கடைவரை போய்வரச் சொன்னேன். மூன்றாவது கடையிலேயே தூணுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடையில் வண்டி நின்றுவிட்டது. அவரே தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார். பிறகு, இருக்கையை இருபுறமும் மாற்றக்கூடிய நான்கு சக்கர வண்டி ஒன்றைத் தள்ளினார். அரிசிப் பை அவரைப் பார்த்தபடி இருந்தது. திரும்பி வரும்போது, “சார், பைகிட்டப் பேசணும் போல இருக்கு” என்றார். கடை முதலாளிகூடச் சிரித்துவிட்டார்.

அந்த வண்டியின் விலை 690 ரிங்கிட். எஞ்சிய 410 ரிங்கிட்டில் மகிழுந்துக்கான குழந்தை இருக்கை ஒன்றை வாங்கினோம். 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் அது கட்டாயம். கட்டாயம் என்பதற்காக அன்று, 2008இல் நான் மடியில் ஏற்றிச் சென்ற என் மகளை எண்ணித்தான் அதை வாங்கினேன். அரிசிப் பையையும் அன்பளிப்போடு சேர்த்துக் கொடுத்துவிட்டோம்.

எல்லாரும் நான்கு சக்கரமே வாங்க வேண்டும் என்பது என் கருத்தன்று. தரைவீடு, அருகில் நல்ல பூங்கா, பெரிய மகிழுந்து, உண்மையிலேயே ஓடும் பழக்கம் ஆகியவை உள்ளவருக்கு மூன்று சக்கர வண்டி அருமையான துணை. தோட்டப்புறச் செம்மண் பாதையில் அதைப்போல் உருளும் வண்டி வேறில்லை. சிங்கப்பூரில் 2017 ஏப்ரல் முதல் வண்டியை மடக்காமலே பேருந்தில் ஏற்ற முடிகிறது; அங்கே கணக்கு வேறாக இருக்கலாம். அவரவர் வாழும் இடத்தைப் பார்த்து வாங்க வேண்டும். படத்தைப் பார்த்து வாங்கக்கூடாது. நான் எனக்காக வாங்கினேன். குழந்தைக்கு வாங்கியதாக எண்ணிக்கொண்டேன்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் ஏற்கனவே முன்னோக்கிய வண்டி இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டா. சற்று தூரம் போனதும் நிறுத்துங்கள். முன்னால் வந்து குந்தி உட்காருங்கள். எதிரே தெரியும் மரத்தையும் காக்கையையும் காட்டிப் பெயர் சொல்லுங்கள். பிறகு தள்ளுங்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆசிரியர்களே, நாமும் பதிவு நாளன்று பெற்றோரிடம் இதைச் சொல்லலாம். அவர்களுக்கு அடுத்த பிள்ளை பிறக்கக்கூடும், அவர்களின் தங்கைக்கும் பிறக்கக்கூடும். ஆறு வயதில் நம்மிடம் வரும் தமிழ், ஆறு மாதத்திலேயே புறப்பட்டிருக்க வேண்டும்.

என் மகளுக்கு இப்போது கல்லூரிக்குப் போகும் வயது. இதை எழுதும் முன் அவளிடம் அந்த வண்டியைப் பற்றிக் கேட்டேன். “எனக்கு நினைவே இல்லை அப்பா” என்றாள். சற்று நேரம் கழித்து, “சந்தையில் அம்மா மீன் காட்டியதும் நினைவில்லை. ஆனால் மீன் பெயரெல்லாம் தெரியும்” என்றாள்.

எனக்கு அது போதுமான விடையாகத் தோன்றியது.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்